வராந்தாவில் ஏழு துப்பாக்கிகள்

வாருங்கள். இந்தக் கையுறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே மான்தோல், உள்ளே கம்பளி. நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே பை; கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக் காற்றை அறிந்த எவரும் நவம்பரில் இதைத்தான் மாட்டுவர். இப்போது சொல்லுங்கள்: இதை மாட்டிய கை ஒரு துப்பாக்கியின் விசையை இழுக்க முடியுமா? விசையைக் காக்கும் அந்தச் சின்ன இரும்பு வளையத்துக்குள் இந்தப் பருமன் நுழையுமா? நுழையாது. நம்பிக்கை இல்லாதவர் முயன்று பார்க்கட்டும்.

ஆயினும் எங்கள் ஊரில் ஓராண்டாக ஒரு தீர்ப்பு உலவுகிறது. ஆணியும் கயிறும் விற்கும் கடையில் உலவுகிறது. மர ஆலையின் வாயிலில் உலவுகிறது. ஞாயிறு வழிபாடு முடிந்து காப்பி குடிக்கும் மேசைகளில், ஏலக்காய் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே, குரல் தாழ்த்தி உலவுகிறது. "சில்வியின் விரல்தான் கொன்றது" என்பது அந்தத் தீர்ப்பு. விசாரணை இல்லை, வாதம் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அந்தத் தீர்ப்பை உங்கள் கண்முன் வைக்கிறேன். கேட்டுவிட்டு, என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யுங்கள்.

சில்வி கோர்பெலா மர ஆலையில் வேலை செய்கிறாள். சுடுநீரில் ஊறிய மரக்கட்டையைக் கத்தி தாள்தாளாகச் சீவித் தள்ளும்; அந்த ஈரத் தாளை விளிம்பில் பிடித்து இழுத்து அடுக்குவது அவள் பணி. ஒரு தாள் போனால் அடுத்த தாள், அதன்பின் அடுத்தது. இருபது ஆண்டு இழுத்ததில் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் விறைத்துப்போனது. காலையில் அதை மற்றக் கையால் மடக்கித்தான் காப்பிக் கோப்பையைப் பிடிப்பாள்.

கணவன் வில்ஹோ இரும்புச் சுரங்கத்தில் இருந்தவன். சுரங்கம் மூடிய பின் வீட்டுப் பின்கொட்டகையில் ரம்பங்களையும் பனி தள்ளும் இயந்திரங்களையும் பழுது பார்க்கிறான். கெட்டுப்போன பொருளைக் காசு கொடுத்துச் சரிசெய்பவன் கையில்லாதவன் என்பது அவனுடைய வேதம். அது அவன் ஒருவனுடைய வேதமன்று. எங்கள் மண்ணில் பிறந்த ஆண் ஒவ்வொருவனும் தாய்ப்பாலோடு குடித்த வேதம் அது.

அந்த வீட்டில் மூன்றாமவன் வில்ஹோவின் தம்பி ரூடி. மணமாகாதவன். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வண்டிவீட்டில் உறங்கி, அண்ணன் வீட்டு மேசையில் உண்பான். குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். சிரிக்காமல் அவன் ஒரு வேளை உணவு உண்டதை அந்த வீடு பார்த்ததில்லை.

மான் வேட்டை அங்கே பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். நவம்பர் நடுவில் விழும் மான்தான் ஏப்ரல் வரை சட்டியில் வேகும் கறி. சென்ற ஆண்டு, ஆலையில் வேலை நாள்கள் குறைந்துகொண்டிருந்த காலம். அதற்கு முந்திய வேட்டைப் பருவத்தில் சில்வியின் குறி பிசகியிருந்தது. அவளுடைய துப்பாக்கியின் விசை அத்தனை கடினம். விறைத்த விரலால் அதை இழுக்க இழுக்கக் குழல் ஆடியது. தோட்டா பெண்மானின் வயிற்றில் பாய்ந்தது. இருட்டும் வரை இரத்தத் தடத்தைத் தொடர்ந்தார்கள். கிடைக்கவில்லை. குளிர்காலம் முழுதும் அவர்கள் கடைக் கோழியும் குற்ற உணர்வும் உண்டார்கள்.

அதனால்தான், பருவம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை மதியம், வில்ஹோ அந்தத் துப்பாக்கியைச் சமையலறைக்குள் கொண்டுவந்தான்.

வெளியே தரை இறுகிக் கிடந்தது. அடுப்பில் பெரிய பானையில் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் கொதித்தன. சன்னல் கண்ணாடிகள் ஆவியில் வெளுத்திருந்தன. மேசையின் ஒரு பாதியில் சில்வி மாவைத் தட்டி, கறியும் கிழங்கும் வைத்து, முகாமுக்கு எடுத்துச்செல்லும் பொதிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மறுபாதியில் வில்ஹோ பழைய செய்தித்தாளை விரித்தான்.

"இழுத்துப் பாரு, சில்வி."

மாவுக் கையைத் துடைத்துவிட்டு அவள் வெறும் துப்பாக்கியைச் சுவரை நோக்கிப் பிடித்து இழுத்தாள். முகம் கோணியது.

"ஆலையில ஈரப் பலகைய இழுக்கிற மாதிரியே இருக்கு. அங்கயாவது கூலி குடுக்கிறான்."

வாசலில் காலணிப் பனியைத் தட்டிக்கொண்டே ரூடி உள்ளே வந்தான். "என்ன, மகாராணிக்கு ஆயுத பூசையா? டவுன்ல அந்தத் துப்பாக்கி ரிப்பேர்காரர்கிட்ட குடுக்க வேண்டியதுதானே?"

"குடுக்கலாம்," என்றான் வில்ஹோ. "அடுத்த வருஷம் திருப்பித் தருவாரு. கூடவே நம்ம வீட்டுக் கூரையையும் கேப்பாரு."

"எந்தக் கூரை? மழை பேஞ்சா நீங்க சட்டி வெக்கிறீங்களே, அதுக்கு மேல இருக்கிறதா?"

"வாய மூடிட்டு அந்தப் பேனாவ எடு."

அலமாரியில் கிடந்தது அந்தப் பேனா. மரக்கடையில் இலவசமாய்க் கொடுத்தது. தலையை அமுக்கினால் முனை வெளியே வரும். மறுபடி அமுக்கினால் உள்ளே போகும். வில்ஹோ அதைத் திருகிப் பிரித்தான். மையை ஒருபுறம் எறிந்தான். உள்ளேயிருந்த மெல்லிய சுருள்வில்லை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் காட்டினான்.

"இதான் மருந்து. உள்ள இருக்கிற ஸ்பிரிங் தடியா இருக்கு, அதனாலதான் டிரிகர் இவ்ளோ கனம். அத எடுத்துட்டு இத அளவா வெட்டிப் போட்டா, நெனச்ச உடனே வெடிக்கும்."

"நெனக்கறதுக்கு முன்னாடியே வெடிச்சிடப் போவுது," என்றாள் சில்வி.

"நீ நெனைக்கவே நேரமாவுமே, பரவால்ல," என்றான் ரூடி. அவள் அவன்மேல் ஒரு பிடி மாவை எறிந்தாள்.

வில்ஹோ வேலை செய்தான். கத்தி தீட்டும் சிறு கல்லால் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் குத்தூசியைப் பிடித்து நிறுத்தும் உட்கொக்கியின் விளிம்பைத் தேய்த்தான். பல்துலக்கும் பசையைத் தடவி மெருகேற்றினான். பேனாச் சுருளை உள்ளே வைத்தான். மசகுக்கு வேறு எண்ணெய் இல்லாததால், ரம்பச் சங்கிலிக்கு ஊற்றும் தடித்த எண்ணெயைச் சொட்டினான். மூடினான். பிறகு சோதித்தான், சோதிக்காமல் விட்டான் என்று எவரும் சொல்ல முடியாது. தோட்டாவை உள்ளே தள்ளும் தாழை முன்னும் பின்னும் ஓங்கி அடித்தான். துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் தடதடவென்று மோதினான். விசை நழுவவில்லை.

"பாத்தியா? மலை மேலருந்து உருட்டி விட்டாலும் வெடிக்காது. இப்ப இழு."

சில்வி இழுத்தாள். நூல் இழைபோல் விசை வந்தது. அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நினைவில் வையுங்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அது வரவில்லை.

"ஐயோ, வெண்ணெ மாதிரி இருக்கே!"

வெளிக்குளிரில் கிடந்த இரும்பு அடுப்படிச் சூட்டில் வியர்த்திருந்தது. குழல் முழுதும் முத்து முத்தாய் நீர். சில்வி பாத்திரம் துடைக்கும் துணியால் மேலே துடைத்தாள். உள்ளே துடைக்க எந்தத் துணியும் போகாது.

ரூடி குனிந்து பார்த்தான். "துப்பாக்கிக்கே வேர்க்குது, வில்ஹோ. உன் கைவேலையப் பாத்துப் பயந்துட்டுது."

மூவரும் சிரித்தார்கள். வில்ஹோ துப்பாக்கியைக் கொண்டுபோய் வராந்தாவின் ஆணியில் மாட்டினான். பருவம் முடியும் வரை துப்பாக்கி குளிரிலேயே இருக்க வேண்டும். உள்ளே கொண்டுவந்தால் வியர்க்கும், வியர்த்தால் உறையும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த ஒரு மதியம் மட்டும் அது உள்ளே வந்தது.

முகாம் என்பது ஊரிலிருந்து விலகி, ஓடைக்கு அப்பால் நிற்கும் மரவீடு. ஒரு புகைக்கூண்டு, இரண்டடுக்குப் படுக்கைகள், வெளியே ஆவிக் குளியலுக்கு ஒரு சவுனா. வராந்தாச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒன்பது துப்பாக்கிகள் அங்கே தொங்கும். அவற்றில் ஒன்று சில்வியினுடையது. தந்தை இறந்தபின் அவர் ஆணியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. முகாமின் தலைவன் கார்ல். சுரங்கத்தில் மேற்பார்வையாளனாக இருந்தவன், மூடிய சுரங்கத்தின் குரலை இன்னும் தொண்டையில் வைத்திருப்பவன்.

அந்த முகாமுக்கு எழுதாத சட்டங்கள் இரண்டு. தோட்டாவைப் போட்டதும், துப்பாக்கி வெடிக்காமல் தடுக்கும் பூட்டை இட்டு, குழலைத் தரைக்குக் காட்டி, விசையை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பூட்டு பிடிக்கிறதா என்று அறிவதற்கு. இது முதல் சட்டம். தோட்டா உள்ளே இருக்கும்போது விசையைத் தொடாதே என்று எந்த அறிவுடைய நாட்டிலும் சொல்வார்கள். நாங்களோ தொட்டுப் பார்ப்பதையே எச்சரிக்கை என்றோம். இரண்டாவது சட்டம் அதைவிடக் கொடியது: பிறன் துப்பாக்கியைத் தொடக்கூடாது. 'உன் துப்பாக்கி சரியாக இருக்கிறதா?' என்று கேட்பது, 'உன் அப்பன் யார்?' என்று கேட்பதற்குச் சமம்.

பருவம் தொடங்குவதற்கு முந்திய மாலை, முகாமில், ரூடிதான் பேச்செடுத்தான். கையில் பீர் இருந்தது. குரலில் விளையாட்டு இருந்தது.

"கார்ல், வில்ஹோ ஒரு அறுவைச் சிகிச்சை பண்ணிருக்கான். பேனாவோட நரம்ப எடுத்துத் துப்பாக்கிக்கு வெச்சிருக்கான். நீ ஒருதரம் பாத்துடேன்."

"அடுத்தவன் பொண்டாட்டியையும் துப்பாக்கியையும் நான் தொடறதில்ல," என்றான் கார்ல். படுக்கைகளிலிருந்து சிரிப்பு எழுந்தது.

சில்வி அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். "ரெண்டும் இங்கதான் இருக்கு, கார்ல். துப்பாக்கி என்னோடது. நானே சொல்றேன், பாரு."

கார்ல் அவளைப் பார்க்கவில்லை, வில்ஹோவைப் பார்த்தான். "வில்ஹோ செஞ்சது சரியாத்தான் இருக்கும். அவன் கைய நான் சந்தேகப்பட்டா நல்லாருக்காது."

மரியாதை! எத்தனை அழகான சொல்! அந்தச் சொல்லை அன்று மாலை ஒருவன் ஒருமுறை மீறியிருந்தால் ரூடி இன்றும் நம்மிடையே இருந்து நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

விடியலில் கடுங்குளிர். மூக்கு மயிர் உறையும் குளிர். சில்வி தன் இருப்பிடத்தில், ஒரு சாய்ந்த மரத்தடியில், தோட்டாவைப் போட்டாள், பூட்டை இட்டாள், குழலைத் தரைக்குக் காட்டி, வெறும் விரலால் விசையை ஒருமுறை அழுத்தினாள். பூட்டு பிடித்தது. விரலை எடுத்தாள். கையுறையை மாட்டினாள். முகாமின் சட்டம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள்.

அவள் அறியாதது ஒன்று. அழுத்திய விசை திரும்பி வரவில்லை. பழைய தடித்த சுருள்வில் இருந்திருந்தால் அதைத் தள்ளித் தன் இடத்தில் நிறுத்தியிருக்கும். பேனாச் சுருளுக்கு அந்த வலிமை இல்லை; அதைச் சுற்றி அடுப்படி வியர்வை பனிக்கட்டியாகியிருந்தது; ரம்ப எண்ணெய் பிசினாகியிருந்தது. கொக்கி விலகியே நின்றது. குத்தூசிக்கும் தோட்டாவுக்கும் இடையே அந்தப் பூட்டு ஒன்றுதான் தடை.

மதியம் வரை ஒரு மானும் வரவில்லை. பசியோடு ரூடி தடம் வழியே வந்தான்.

"என்ன மகாராணி, எத்தன தலை உருண்டுது?"

"உன் குரல் கேட்டு எல்லாம் அடுத்த மாகாணத்துக்கு ஓடிப் போச்சு."

"சரி, வா. உன் பொதி ரெண்டு மிச்சம் இருக்கு. கார்ல் கண்ணு வெச்சிட்டான். நாம போறதுக்குள்ள காலி."

ஓடையின் மேல் ஒற்றை மரப்பாலம். ஏறும் முன் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். ரூடி தன்னுடையதை எடுத்துவிட்டு, சில்விக்குக் கைகொடுக்கப் பாலத்தின் தலைப்பில் நின்றான். அந்தப் பழைய துப்பாக்கியில் பூட்டை விலக்காமல் தாழ் திறக்காது. சில்வி அவனிடமிருந்து விலகித் திரும்பினாள். குழலைப் பனித்தரைக்குக் காட்டினாள். கையுறையோடு, அந்தத் தடித்த கட்டைவிரல் அறையால், பூட்டை முன்னே தள்ளினாள்.

துப்பாக்கி வெடித்தது.

பனிக்குக் கீழே மண் இருந்திருந்தால் தோட்டா அங்கேயே புதைந்திருக்கும். எங்கள் தரை இரும்புத் தரை. ஓரடிப் பனிக்குக் கீழே பாறை. தோட்டா பாறையில் பட்டுத் தெறித்து ரூடியின் தொடையில் ஏறியது. அவன் உட்கார்ந்தான். தொடையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"கறி பத்தலன்னா வாயத் திறந்து சொல்லிருக்கலாமே, சில்வி…"

அவள் துப்பாக்கியை எறிந்துவிட்டு விழுந்தடித்து அவனிடம் ஓடினாள். கழுத்துத் துணியால் கட்டினாள். இடைவாரால் இறுக்கினாள். விறைத்த விரலும் விறைக்காத விரல்களும் சேர்ந்து அந்தத் தொடையை அழுத்தின. கத்தினாள். ஆட்கள் ஓடிவந்தார்கள். கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு சாலையை நோக்கிப் பனியில் உழன்றார்கள். சாலை வருமுன் ரூடி பேசுவதை நிறுத்தினான். அவன் பேச்சு நின்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மாலையில் மாவட்டக் காவல் அதிகாரி முகாமுக்கு வந்தார். இளைஞர், நல்லவர், களைத்திருந்தார்.

"சுடும்போது உங்க விரல் எங்க இருந்துச்சு, அம்மா?"

"கையுறைக்குள்ள."

"விரல் டிரிகர்ல இல்லையா?"

"கையுறைக்குள்ள இருந்துச்சுன்னு சொல்றேனே. பூட்டத் தள்ளினேன். வெடிச்சுது."

அவர் வில்ஹோவின் பக்கம் திரும்பினார். "இந்தத் துப்பாக்கில ஏதாவது வேலை பாத்தீங்களா?"

அடுப்பில் விறகு வெடித்தது. முகாம் முழுதும் வில்ஹோவைப் பார்த்தது. பேனாவின் கதையை முந்திய மாலை எல்லோரும் கேட்டவர்கள். எல்லோரும் சிரித்தவர்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அது வில்ஹோ சொல்ல வேண்டியது என்று மரியாதையோடு காத்திருந்தார்கள்.

வில்ஹோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவ விரல் சரியில்லைங்க. ஆலையில போனது. சில நேரம் தானா இழுத்துக்கும்."

சில்வி கணவனைப் பார்த்தாள். தம்பியைப் பறிகொடுத்தவன் நெஞ்சில் அந்த நேரத்தில் இன்னொரு கல்லைத் தூக்கி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த இரக்கத்தைத்தான் ஊர் ஒப்புதல் வாக்குமூலம் என்று படித்தது.

காவலர்கள் துப்பாக்கியை எடுத்துச் சென்றார்கள். அலுவலகத்தில், சூடேற்றிய அறையில், காய்ந்த இரும்பைத் தட்டியும் அடித்தும் பார்த்தார்கள். பழுது இல்லை என்றார்கள். எப்படி இருக்கும்? பனியில் செய்த குற்றம் சூட்டறையில் உருகி ஓடிவிட்டது! அவளுடைய வேட்டை உரிமத்தை நிறுத்தினார்கள். வசந்தத்தில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வில்ஹோ அதை மறுபடி வராந்தா ஆணியில் மாட்டினான்.

பிறகு அந்த வீட்டில் இரண்டு தட்டுகள். ரூடியின் நாற்காலியை எவரும் நகர்த்தவில்லை. ஆலையில் ஒருத்தி, "உன் பக்கத்துல நிக்கவே பயமாருக்கு, சில்வி" என்று சிரித்தபடி சொன்னாள். கடையில் ஒருவன் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டு சில்லறை கொடுத்தான். அவள் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கப் பழகினாள்.

மறுபடி நவம்பர் வந்தது. முதல் உறைபனி விழுந்த நாளில் அவர்கள் வீட்டுச் சவுனாவில் குளித்தார்கள். மறுநாள் காலை விறகு எடுக்கப் போன வில்ஹோ சவுனாக் கதவைத் திறக்க முடியாமல் தாழ்ப்பாளை ஒரு விறகுக்கட்டையால் தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குளிர்காலமும் தட்டுவதுதான். ஆவி பட்ட தாழ்ப்பாள் இரவில் உறைந்துவிடும். சில்வி பால் வாளியோடு நின்று பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"வில்ஹோ. நிறுத்து."

"திறந்திடும், இரு."

"நிறுத்துன்னு சொல்றேன். அந்தத் தாழ்ப்பாள் ஏன் நகரல?"

"ஏன்னா? ஆவி. உறஞ்சிருக்கு. தெரியாத மாதிரி கேக்கிற."

"அன்னிக்கு அடுப்புல மீன் சாறு கொதிச்சுது. துப்பாக்கி வேர்த்துது. ரூடி சொன்னான், நாம சிரிச்சோம்."

விறகுக்கட்டை அவன் கையிலேயே நின்றது.

"நீ அத உள்ள வெச்சே சோதிச்ச. சூட்டுல. வெளில போயி சோதிச்சியா?"

அந்தக் கட்டையைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "எனக்குத் தெரியும்."

"எப்பலருந்து?"

"அவனப் பொதச்ச அன்னிலருந்து. குழி வெட்ட முடியாம மண்ணுல தீ மூட்டி இளக்கினாங்க இல்ல? அத பாத்துட்டு நிக்கிறப்ப."

"ஒரு வருஷமா!"

"சொன்னா என்ன ஆவப்போவுது, சில்வி? அவன் திரும்பி வருவானா?"

"அவன் வரமாட்டான். நான் வருவேன். என் பேரு வரும். என் விரல் வரும்."

"ஊரே என்கிட்டதான் ரிப்பேருக்கு வருது. இது தெரிஞ்சா நாளைக்கு எவன் வருவான்? என்னத்தத் திம்போம்?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கண்கள் அவளைத் தவிர்த்துப் பழுது பார்க்கும் பின்கொட்டகையின் பக்கம் போயின. முப்பது ஆண்டு உடன் வாழ்ந்தவளுக்கு அந்தப் பார்வை போதும்.

"வேற யாருக்குப் போட்ட?"

"என்ன?"

"பேனா ஸ்பிரிங். வேற யாரு துப்பாக்கில போட்ட, வில்ஹோ?"

அவன் விறகுக்கட்டையைப் பனியில் போட்டான். "உன்னோடதப் பத்தி நான் சொன்னதும் அவனுங்களே கேட்டாங்க. அதே வாரம், கேம்ப்புக்குப் போறதுக்கு முன்னாடி. வெளில சொல்லக்கூடாதுன்னு… கார்லுக்கு ஒண்ணு. அப்புறம் இன்னும் ரெண்டு மூணு பேருக்கு."

"ரெண்டா, மூணா?"

அவன் குனிந்து பனியில் கிடந்த கட்டையை மறுபடி எடுத்தான்.

இதோ, இன்றைக்கு வருகிறேன். பருவம் நாளை விடியலில் தொடங்குகிறது. முகாமில் ஆண்கள் கூடியிருந்தார்கள். இந்த ஆண்டு நீ வராமல் இருப்பது நல்லது என்று கார்ல் சில்விக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். சில்வி வந்தாள். அதற்கு முந்திய நாள் அவள் தன் துப்பாக்கியைச் சமையலறையில் கொதிக்கும் பானைக்கு அருகே நிறுத்திவைத்து, மாலையில் வீட்டு வராந்தாவில் மாட்டியிருந்தாள். ஓரிரவு குளிர் தன் வேலையைச் செய்தது. இப்போது அந்தத் துப்பாக்கியைத் தோளில் சுமந்து, பாலத்தைத் தாண்டி, வராந்தாவில் தொங்கிய ஏழு துப்பாக்கிகளைத் தாண்டி, வாசலில் நின்றாள்.

"எல்லாரும் வெளில வாங்க. சூட்டுக்குள்ள இது பேசாது."

"சில்வி, இது நல்லால்ல," என்றான் கார்ல்.

"நல்லால்லதான். வா."

வந்தார்கள். வில்ஹோ கடைசியில் வந்தான். அவள் தாழைத் திறந்து கார்லின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உள்ள பாரு. தோட்டா இல்லன்னு நீ சொல்லு. தொடு. விரல விட்டுப் பாரு."

அவன் தயங்கினான். முகாமின் சட்டம் அவன் கையைப் பிடித்தது. அவள் துப்பாக்கியை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் அவன் விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். "இல்ல. காலி."

தாழை மூடினாள். பூட்டை இட்டாள். குழலைத் தரைக்குக் காட்டி, அந்த விறைத்த விரலால் விசையை ஒருமுறை அழுத்தி, விட்டாள். "நீங்க சொல்லிக் குடுத்தது. செஞ்சாச்சு." பிறகு கையுறையை மாட்டினாள், மாட்டிய கையை உயர்த்தி ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் காட்டினாள். "விரல் எங்க இருக்கு? யாராவது சொல்லுங்க. எங்க இருக்கு?"

"கையுறைக்குள்ள," என்றான் ஒருவன், தரையைப் பார்த்து.

தடித்த கட்டைவிரலால் பூட்டை முன்னே தள்ளினாள்.

டிக்.

அத்தனை சிறிய ஓசை. ஒரு பேனாவின் தலையை அமுக்கினால் வருமே, அந்த அளவு. ஆனால் அந்த வராந்தாவில் நின்ற ஒவ்வொருவனும் அதைத் தன் எலும்பில் கேட்டான்.

கார்ல்தான் முதலில் பேசினான். "சரி. நாங்க பாத்துட்டோம். இது கேம்ப் விஷயம். கேம்ப்லயே இருக்கட்டும்."

"இருக்காது. கடையில என் விரலப் பத்திப் பேசினீங்க இல்ல, அதே கடையில இதயும் பேசணும். அதுக்கு முன்னால," அவள் கணவனின் பக்கம் திரும்பினாள், "இங்க தொங்கிறதுல எது எதுல போட்டிருக்கேன்னு சொல்லு. பேரச் சொல்லு, வில்ஹோ."

"என்னோடது போன வருஷம் பூரா நல்லாத்தான் சுட்டுது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"என்னோடதும்தான் நல்லாச் சுட்டுது," என்றாள் சில்வி.

அவள் துப்பாக்கியின் தாழை முழுதாக உருவித் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இனி அது வெறும் கோல்; அதை வாசலில் சாய்த்து வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். குடலிழந்த அந்தப் பேனாவைப் பையிலிருந்து எடுத்தாள். இரண்டையும் உள்ளே மேசைமேல், அவர்களுடைய காப்பிக் கோப்பைகளின் நடுவே வைத்துவிட்டு, வெறுங்கையோடு பாலத்தைக் கடந்து நடந்தாள். சட்டைப்பைக்குள் அந்தக் கை போகவில்லை.

வில்ஹோ வராந்தாவில் நிற்கிறான். அவன் உதடுகள் அசைகின்றன; பெயர் வரவில்லை. அண்டையன் முகம் கோணுமே என்று ஒருவன் காத்திருக்கிறான்; கார்ல் முதலில் தன்னுடையதை இறக்கட்டும் என்று மற்றவன் காத்திருக்கிறான்; கார்லோ, எவரும் கேட்காதவரை பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நிற்கிறான். சுவரில் ஏழு துப்பாக்கிகள் குளிர்ந்துகொண்டிருக்கின்றன. விடிந்தால் ஏழும் தோட்டா ஏந்தும். ஏழு விசைகள் ஒருமுறை அழுத்தப்படும். மதியம் அந்த ஒற்றைப் பாலத்தின் தலைப்பில் ஏழு பூட்டுகள் விலகும்.

கேட்டவர்களே, வில்ஹோவின் வாய் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள். மரியாதை என்ற பெயரில் இன்னொரு குழி வெட்ட மண்ணை இளக்கும் தீ வேண்டாம். எழுந்திருங்கள். விடியும் முன் அந்த வராந்தாவுக்குப் போங்கள். எவன் துப்பாக்கி என்று கேட்காமல் ஏழையும் ஆணியிலிருந்து இறக்குங்கள், தாழை உருவுங்கள், அவற்றின் சொந்தக்காரர்கள் சினந்தால் சினக்கட்டும். அது முடிந்ததும், கடை திறந்திருக்கும், அங்கே போங்கள். சில்வியின் விரலைப் பற்றி ஒருவன் வாய் திறந்தால், மேசையில் அவள் விட்டுப்போன இந்தக் கையுறையை அவன் கையில் மாட்டி, விசையை இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் வரை அவனை விடாதீர்கள்.